மகளிர் குழு தொடங்கி வங்கிக் கடன் பெறுவது: முதல் கூட்டத்திலிருந்து கடைசித் தவணை வரை

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வங்கிக்குப் போய்க் கடன் கேட்டால், மேனேஜர் முதலில் கை நீட்டுவது தீர்மான நோட்டுக்குத்தான். நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். ஆறு மாதமாக இந்தப் பன்னிரண்டு பேரும் தங்களுக்குள் எவ்வளவு போட்டார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், கொடுத்தது ஒழுங்காகத் திரும்பி வந்ததா என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. வங்கி அதை நம்பித்தான் கடன் கொடுக்கிறது. 'குழு ஆரம்பிச்சா லோன் தர்றாங்களாம்' என்ற பேச்சை மட்டும் கேட்டு ஆரம்பித்த குழுவில் கடன் வந்த மறுநாள் கூட்டத்துக்கு ஆள் வராது. முதல் ஆறு மாதத்தை ஒழுங்காக நடத்திய குழுவுக்கு வங்கியே இரண்டாவது கடனுக்கு ஆள் அனுப்பும்.

தமிழ்நாட்டில் இந்த முறை 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் ஐக்கிய நாடுகளின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. 1997-இல் குழுக்களுக்கான மாநில அரசின் மகளிர் திட்டம் வந்தது. இன்று ஊர்ப்புறத்தில் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிகள்தான் நடைமுறை. கீழே சொல்லும் தொகைகளும் தவணைக் காலங்களும் அந்த இயக்கத்துக்காக ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைகளில் உள்ளவை. அவ்வப்போது திருத்துவார்கள். அதனால் விண்ணப்பம் போடும் முன் உங்கள் ஒன்றியத்து மகளிர் திட்டப் பணியாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், வெளியே வாங்கும் கடனின் உண்மையான விலை

தண்டல்காரர் 10,000 ரூபாய்க்கு எழுதிக்கொண்டு கையில் 9,000 கொடுப்பார். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம் ரூபாதானே' என்று தோன்றும். ஆனால் நீங்கள் தினமும் அசலையும் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். அதைக் கணக்கில் எடுத்தால் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீதம் ஆகிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டியெல்லாம் இதையும் தாண்டும். அவற்றைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது.

அடுத்தது நிரந்தர வட்டி, அதாவது 'பிளாட்' வட்டி. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம்தான் என்று நினைப்போம். கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போட்டால் இரண்டு வருடக் கடனில் அது 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வங்கி குறைந்துவரும் அசலுக்குத்தான் வட்டி போடும். யார் கடன் கொடுக்க வந்தாலும் 'குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?' என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

குழுவுக்கு வங்கி தரும் கடன் 3 லட்சம் வரை 7 சதவீதம். ஒரு தவணையும் தவறாமல் கட்டினால் மேலும் 3 சதவீதம் கழிவு. அப்படியானால் நிகர வட்டி 4 சதவீதம்தான்.

படி 1: ஆள் சேர்ப்பது

10 முதல் 20 பேர் வரை இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கும் மலைப்பகுதிக் குழுவுக்கும் 5 பேர் போதும். இருபதுக்கு மேல் போகக் கூடாது என்ற வழக்கத்துக்குப் பழைய கம்பெனிச் சட்டம் காரணம். லாபத்துக்காகச் சேரும் கூட்டம் இருபதைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்றது அது. எங்கள் கணக்கில் பன்னிரண்டுதான் நல்ல எண். அதற்குக் குறைந்தால் நிதி சேராது. பதினாறைத் தாண்டினால் ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேர் குறைவார்கள்.

ஒரு வீட்டிலிருந்து ஒருவர் மட்டும். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால், வீட்டில் பணம் முடைப்படும் மாதத்தில் இரண்டு தவணையும் சேர்ந்து நிற்கும். ஏற்கெனவே வேறு குழுவில் இருப்பவரைச் சேர்க்காதீர்கள். ஒரே தெருவில், நடந்து வரும் தூரத்தில், வருமானம் ஏறக்குறைய ஒன்றாக உள்ளவர்களாகப் பாருங்கள். பத்துப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர் மட்டும் வட்டிக்கு விடுகிறவர் என்றால் குழு அந்த ஒருவரின் கைக்குப் போய்விடும்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் வெளிக் கடன் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கூச்சமாக இருக்கும். ஆனால் குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் வங்கிகள், யார் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. இன்று கேட்காமல் விட்டது, கடன் கேட்கும் நாளில் கணினித் திரையில் வந்து நிற்கும்.

படி 2: பொறுப்பாளர், விதி, கணக்கு

குழுவை முன்நின்று நடத்த ஒரு ஊக்குநர், கூட இரண்டு பிரதிநிதிகள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளை ஊக்குநராக்கி எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதுதான் பல குழுக்கள் செய்யும் முதல் தவறு. எழுதுவது ஒருவர், பணப்பெட்டி இன்னொருவர், பெட்டிச் சாவி மூன்றாமவர் என்று பிரித்துவிடுங்கள். எழுத ஆளே இல்லையென்றால் வெளியிலிருந்து ஒரு பெண்ணைக் கணக்கு எழுத வைத்து மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை வைத்து எழுதுவதும் உண்டு. தேர்வு மாதத்தில் நோட்டு நின்றுபோகும், அவ்வளவுதான் சிக்கல்.

முதல் இரண்டு கூட்டத்திலேயே விதிகளை எழுதிவிட வேண்டும். சேமிப்பு எவ்வளவு, எந்தக் கிழமை, எத்தனை மணி, வராவிட்டால் அபராதம் எவ்வளவு, உள்கடனுக்கு (குழுவின் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்) வட்டி என்ன, பொறுப்பாளர் மாற்றம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, விலகுபவருக்கு எப்படிக் கணக்கு முடிப்பது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி விதியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பின்னால் சண்டை வருவதும் அதில்தான். விலகும் உறுப்பினர் கடனை முடித்த பிறகு அவர் சேமிப்பைத் திருப்பித் தருவதா, வட்டி லாபத்தில் பங்கும் உண்டா என்பதை இன்றே முடிவு செய்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு வங்கியில் குழு பெயரில் சேமிப்புக் கணக்கு. இதற்குப் பன்னிரண்டு பேரும் ஆதார், பான் என்று தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கப் பொறுப்பாளர்கள் மூவரின் ஆவணங்கள் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மற்றவர்களின் ஆவணங்களைக் கடன் கொடுக்கும் நேரத்தில் கேட்பார்கள். கொண்டுபோக வேண்டியவை: கணக்குத் தொடங்கும் தீர்மானத்தின் நகல், குழு விதிகள், மூவரின் ஆதார், படங்கள், குழு முத்திரை. மூவரில் இருவர் கையெழுத்திட்டால் பணம் எடுக்கலாம் என்று தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 'அடிக்கடி பேங்குக்கு அலைய முடியாது' என்று பணம் எடுக்கும் வெற்றுச் சீட்டுகளில் பிரதிநிதிகள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு ஊக்குநரிடம் கொடுப்பார்கள். குழுப் பணம் காணாமல் போனதாக வரும் புகார்களைக் கிளறினால் அடியில் பெரும்பாலும் இந்த வெற்றுச் சீட்டு இருக்கும்.

படி 3: ஒரு கூட்டம் எப்படி நடக்க வேண்டும்

வாரம் ஒரு கூட்டம், ஆளுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கூட்டமும் செல்லும். ஆனால் கூலி வாரத்துக்கு வருகிற வீட்டில் 200 ரூபாயை மாதக் கடைசி வரை வைத்திருப்பது கஷ்டம். வாராவாரம் 50 போவது தெரியாது.

பாயை விரித்து வட்டமாக உட்காருங்கள். பணம் நடுவில் வரட்டும். ஒவ்வொருவரும் தன் சேமிப்பு, தவணை, வட்டி என்று தனித்தனியாகச் சொல்லி நடுவில் வைக்க வேண்டும். எழுதுபவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி நோட்டிலும் அவரவர் பாஸ்புக்கிலும் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு இந்தச் சத்தம்தான் தணிக்கை. வீட்டுக்கு வீடு போய் வசூலித்து ஊக்குநர் தன் திண்ணையில் உட்கார்ந்து எழுதினால் அது கூட்டம் ஆகாது.

ஒரு வாரத்துப் பக்கம் இப்படி இருக்கும்:

14-ஆவது கூட்டம். வருகை 11 பேர். வராதவர் உறுப்பினர் எண் 4, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார், சேமிப்பைக் கொடுத்து அனுப்பினார்.
தொடக்கக் கையிருப்பு 310. சேமிப்பு 600. அசல் வரவு 900. வட்டி வரவு 82. மொத்தம் 1,892.
தீர்மானம்: உறுப்பினர் எண் 7 பள்ளிக் கட்டணத்துக்கு 1,500 கேட்டார். உறுப்பினர் எண் 2 ஆட்டுத் தீவனத்துக்கு 1,000 கேட்டார். பள்ளிக் கட்டணத்துக்கு இந்த வாரம் கடைசி நாள் என்பதால் எண் 7-க்கு முதலில் கொடுப்பது. மாதம் 300 வீதம் ஐந்து தவணை, வட்டி நூற்றுக்கு ஒன்று. எண் 2-க்கு அடுத்த கூட்டத்தில்.
முடிவுக் கையிருப்பு 392. பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. அனைவர் கையெழுத்து, கைநாட்டு.

இந்தப் பக்கத்தில் வங்கிக்காரர் பார்ப்பது கூட்டல் சரியா என்பதை மட்டுமா? இரண்டு பேர் கேட்டபோது யாருக்கு முதலில் என்று குழு பேசி முடிவெடுத்திருக்கிறதே, அதைப் பார்க்கிறார். எல்லாக் கூட்டத்திலும் 'அனைவரும் வந்தனர், சேமிப்பு செலுத்தினர், நன்றி கூறிக் கூட்டம் முடிந்தது' என்றே இருந்தால் அது ஒரே இரவில் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆறு மாதப் பக்கமும் ஒரே பேனா மையில், மடிப்பு விழாத தாளில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அடித்தல் திருத்தல் இருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

வைத்திருக்க வேண்டிய ஏடுகள்: தீர்மான நோட்டு, வருகைப் பதிவு, ரொக்க ஏடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, பொதுப் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக்குகள். குழு நடத்துகிறவர்கள் 'பஞ்சசூத்திரம்' என்று ஐந்தைச் சொல்வார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவறாத வசூல், அன்றன்றே கணக்கு. மூன்றாவதில் நிறையக் குழுக்கள் சறுக்கும். சேமிப்பை அப்படியே வங்கியில் பூட்டி வைத்துவிட்டு 'எங்க கணக்குல பதினஞ்சாயிரம் இருக்கு சார்' என்று பெருமையாகப் போவார்கள். பணம் உள்ளே சுற்றியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சும்மா கிடந்த பணத்தை வைத்து, கடனைத் திருப்பிக் கட்டும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்கடனுக்கு நூற்றுக்கு ஒன்று, அதிகம் போனால் ஒன்றரை வட்டி போதும். இரண்டு வைத்தால் நிதி சீக்கிரம் வளரும், உண்மைதான். ஆனால் அந்த வட்டியைக் கட்டுவது குழுவிலேயே அதிகக் கஷ்டத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர்தான்.

படி 4: சுழல் நிதியும் கூட்டமைப்பும்

சில மாதம் ஒழுங்காக நடந்தபின் தரமதிப்பீடு செய்வார்கள். தேறினால் அரசின் சுழல் நிதி வரும். தொடக்கத்தில் 10,000 முதல் 15,000 வரை இருந்ததை 20,000 முதல் 30,000 வரை என்று உயர்த்தினார்கள். இது திருப்பிக் கட்ட வேண்டிய கடனும் இல்லை, ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்ளும் மானியமும் இல்லை. குழுவின் மூலதனமாக உள்ளே சுற்ற வேண்டிய பணம். பிரித்துக்கொண்டால் வங்கிக் கடன் அளவும் சேர்ந்தே குறையும். எப்படி என்று அடுத்த படியில் பாருங்கள்.

ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பில் சேர்ந்துவிடுங்கள். சமுதாய முதலீட்டு நிதி அதன் வழியாகத்தான் வரும். வங்கிக்குப் போக அவகாசம் இல்லாத அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

படி 5: எவ்வளவு கடன் கிடைக்கும்

கணக்குத் தொடங்கி ஆறு மாதம் ஆக வேண்டும் என்று சில கிளைகளில் சொல்வார்கள். விதி அப்படி இல்லை. ஏடுகளின்படி குழு ஆறு மாதம் நடந்திருந்தால் போதும்.

கடன் அளவு குழுவின் மொத்த நிதியை வைத்து வரும். மொத்த நிதி என்றால் சேமிப்பு, உள்கடன் வட்டி, அபராதம் போன்ற வரவு, சுழல் நிதி எல்லாம் சேர்ந்தது. வெளியே கடனாக நிற்கும் தொகையும் அதில் அடக்கம். முதல் கடன், இந்த நிதியின் 6 மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. இரண்டாவது கடன் 8 மடங்கு அல்லது 3 லட்சம். மூன்றாவது, நுண்கடன் திட்டத்தை (யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று குழு எழுதித் தருவது, படி 6-இல் வரும்) பொறுத்துக் குறைந்தது 6 லட்சம். நான்காவது அதற்கும் மேல்.

நம் பன்னிரண்டு பேரின் கணக்கைப் பார்ப்போம். வாரம் 600 ரூபாய், 26 வாரம், சேமிப்பு 15,600. வட்டி வரவு 900 என்று வைத்தால் 16,500. ஆறு மடங்கு 99,000. அது 1.5 லட்சத்துக்குக் குறைவு என்பதால் 1.5 லட்சம் கேட்கலாம். சுழல் நிதி 20,000 வந்து உள்ளேயே இருந்தால் மொத்த நிதி 36,500 ஆகும். ஆறு மடங்கு 2,19,000. சுழல் நிதியைப் பிரித்துக்கொண்ட குழு இழப்பது இந்த 69,000-த்தை.

திருப்பிக் கட்ட முதல் கடனுக்கு 24 முதல் 36 மாதம், இரண்டாவதற்கு 36 முதல் 48, மூன்றாவதற்கு 48 முதல் 60 மாதம் தருவார்கள். 1.5 லட்சத்தை 7 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 6,716 ரூபாய். பன்னிரண்டு பேர் சமமாக வாங்கியிருந்தால் ஆளுக்கு 560. இரண்டு வருடத்து மொத்த வட்டி 11,200-க்குச் சற்றுக் குறைவு. தவறாமல் கட்டி 3 சதவீதக் கழிவும் கிடைத்தால் அதில் ஏறக்குறைய 4,800 திரும்பிவிடும்.

கடன் இரண்டு விதமாக வரும். டேர்ம் லோன் என்றால் மொத்தமாக வாங்கி மாதாமாதம் தவணை கட்டுவது. சிசி என்றால் ஒரு வரம்பு வைத்து, வேண்டும்போது எடுத்து, பணம் இருக்கும்போது போடுவது. சிசி நல்ல வசதிதான், கணக்குத் தெரிந்த குழுவுக்கு. புதுக்குழு பெரும்பாலும் முதல் நாளே முழு வரம்பையும் எடுத்துவிட்டு வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அசல் அப்படியே நிற்கும். முதல் கடனுக்கு டேர்ம் லோன் வாங்குங்கள் என்பது எங்கள் பரிந்துரை.

படி 6: நுண்கடன் திட்டம் எழுதுவது

1.5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஆளுக்கு 12,500 என்று எழுதுவது சுலபம். அதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வகுத்தால் சண்டை வராது. ஆனால் தையல் மெஷினுக்கு 20,000 தேவைப்பட்டவர் மீதி 7,500-ஐத் தண்டலில் வாங்குவார். பணமே தேவைப்படாதவர் தன் பங்கை வாங்கி, நூற்றுக்கு மூன்று வட்டிக்குத் தெருவில் விடுவார். இரண்டும் குழுவைத்தான் கடிக்கும்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எதற்கு, எவ்வளவு, சொந்தக் கைப்பணம் எவ்வளவு, மாதம் எந்த வருமானத்திலிருந்து கட்டுவார். இரண்டு கூட்டம் பேசினால் தொகை தானாக ஒரு ஒழுங்குக்கு வரும். நான்கு பேர் 'எனக்கு இப்ப வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம்' என்று சொன்னால் அந்தக் குழு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சொன்னதையும் தீர்மானமாக எழுதுங்கள். அடுத்த கடனில் அவர்களுக்கு முன்னுரிமை.

தொழிலுக்கு மட்டும்தான் கடன் என்று நினைக்க வேண்டாம். வீடு பழுது பார்க்க, கழிப்பறை கட்ட, அதிக வட்டிக் கடனை அடைக்க என எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கையில் இடம் உண்டு. 78 சதவீதக் கடனை 7 சதவீதத்துக்கு மாற்றுவதைப் போல லாபமான தொழில் ஊரில் வேறு எது இருக்கிறது? அப்படி அடைக்கிறவருக்குப் பணத்தைக் கையில் கொடுக்காமல், குழுவில் இருவர் கூடப் போய் அடைத்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கி வாருங்கள். கடன் பெரிதாகும்போதுதான் தொழில் பங்கு கட்டாயமாகிறது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் குறைந்தது பாதி, 4 லட்சத்துக்கு மேல் 75 சதவீதம், 6 லட்சத்துக்கு மேல் 85 சதவீதம் வருமானம் தரும் வேலைக்குப் போக வேண்டும்.

படி 7: வங்கியில்

விண்ணப்பம், கடன் கேட்கும் தீர்மானம், உறுப்பினர்களுக்கு இடையிலான ஒப்பந்தம், வங்கியோடு ஒப்பந்தம், நுண்கடன் திட்டம், எல்லோரின் ஆதார் நகல், தரமதிப்பீட்டுத் தாள். இவற்றை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்த தேதியுடன் ஒரு பிரதியில் கிளை முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் 'இன்னும் வரலியேம்மா' என்று மூன்று மாதம் ஓடும். மாத முதல் வாரமும் மார்ச் மாதமும் கிளையில் கூட்டமாக இருக்கும். மற்ற நாளில் பிற்பகலில் போங்கள்.

சில கிளைகளில் நடப்பவையும், விதி சொல்வதும்:

'ஐம்பதாயிரம் டெபாசிட் போட்டாத்தான் லோன்.' 10 லட்சம் வரை ஈடும் கேட்கக் கூடாது, டெபாசிட்டும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. 10 முதல் 20 லட்சம் வரையிலும் ஈடு கேட்க முடியாது, அதற்கு அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது.

'பரிசீலனைக் கட்டணம்.' குழுக்கடன் உள்ளிட்ட முன்னுரிமைத் துறைக் கடனில் சிறு தொகைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த வரம்பு 25,000-ஆக இருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 50,000. குழுக்களுக்கு இது உறுப்பினர் வாரியாகக் கணக்கிடப்படும், மொத்தக் கடனுக்கு அல்ல. 1.5 லட்சம் பன்னிரண்டு பேருக்கு என்றால் ஆளுக்கு 12,500. கட்டணத்துக்கு இடமே இல்லை.

'இந்த இன்சூரன்ஸ் எடுங்க.' கட்டாயம் கிடையாது. ஆனால் இரண்டு சின்னக் காப்பீடுகளை நீங்களாகவே எடுத்து வையுங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி, ஆண்டுக்கு 436 ரூபாய், வயது 18 முதல் 50. சுரக்ஷா விபத்துக் காப்பீடு, 20 ரூபாய், வயது 18 முதல் 70. இரண்டிலும் இழப்பீடு 2 லட்சம். மே மாதக் கடைசியில் அவரவர் கணக்கிலிருந்து பிரீமியம் எடுப்பார்கள். அன்று கணக்கில் பணம் இல்லாமல் பாலிசி விட்டுப்போன கதை ஊருக்கு ஊர் உண்டு. மே இரண்டாவது வாரக் கூட்டத்தில் எல்லோரையும் நினைவுபடுத்துங்கள்.

'ஒருத்தருக்கு சிபில் சரியில்லை, குழுவுக்கே கிடையாது.' வேண்டுமென்றே கட்டாதவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது, அது சரி. ஆனால் கஷ்டத்தால் கட்ட முடியாமல் போன ஒருவரைக் காட்டி மொத்தக் குழுவுக்கும் கதவை மூடக் கூடாது. வேண்டுமென்றே கட்டாதவர் இருந்தால், அவருக்கு மட்டும் இந்தக் கடனில் பங்கு இல்லை என்று தீர்மானம் எழுதி மற்றவர்களுக்குக் கேளுங்கள்.

பேசியும் நடக்கவில்லை என்றால் முதலில் எழுத்தில் கிளைக்குப் புகார். பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், ஆட்சியர் அலுவலகத்தில் மகளிர் திட்ட இயக்குநர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம். வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. எல்லாவற்றுக்கும் அந்த முத்திரை போட்ட பிரதிதான் ஆதாரம்.

படி 8: கட்டுவது

வங்கித் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் உங்கள் வசூல் தேதியை வையுங்கள். வங்கிக்கு 10-ஆம் தேதி என்றால் உங்களுக்கு 5-ஆம் தேதி. இடைவெளியில் ஒருவர் தவறினாலும் குழு நிதியிலிருந்து போட்டுவிடலாம். அதை அவர் பேரில் உள்கடனாக எழுதிவிட வேண்டும், 'அட்ஜஸ்ட்' என்று விடக் கூடாது.

3 சதவீத வட்டிக் கழிவுக்கு ஒழுங்கான கணக்கு என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேர்ம் லோனில் ஒவ்வொரு தவணையும் கெடு தேதியிலிருந்து 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சிசி கணக்கில் மாதம் ஒருமுறையாவது நீங்களாகப் பணம் போட வேண்டும், அது அந்த மாத வட்டியைவிடக் குறையக் கூடாது, வரம்பைத் தாண்டி 30 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்று மாதத் தவணையை மொத்தமாகக் கட்டினேன் என்பது இங்கே செல்லாது. கட்டிய சலானைத் தீர்மான நோட்டில் ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிப் பாஸ்புக்கில் வரவு பார்த்து, அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். உறுப்பினர்கள் மாதாமாதம் ஊக்குநரிடம் கட்ட, வங்கிக்கு அது போகவே இல்லை என்று ஒரு வருடம் கழித்துத் தெரியவரும் விபரீதத்துக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

'தேர்தல் வருது, தள்ளுபடி ஆயிடும்' என்று யாராவது கட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் குழுக்கடன் தள்ளுபடி அறிவித்தது உண்மை. அது கூட்டுறவு நிறுவனங்களில் வாங்கிய கடனுக்கு, அதுவும் 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்ததற்கு. வணிக வங்கிக் கடனுக்கு இல்லை. அந்த நம்பிக்கையில் நிறுத்திய குழுக்களுக்கு வட்டிக் கழிவும் போனது, அடுத்த கடனும் போனது.

நடுவில் வரும் நுண்நிதி நிறுவனங்கள்

குழு ஓடத் தொடங்கியதும் 'அக்கா, பத்துப் பேர் சேருங்க, நாளைக்கே ஆளுக்கு நாப்பதாயிரம்' என்று ஒருவர் பைக்கில் வருவார். சட்டப்படி நடக்கும் தொழில்தான். வேகமாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. வட்டிதான் வங்கிக் கடனைவிடப் பல மடங்கு கூடுதல், அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பும் வைக்கவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் 2022 மார்ச்சில் வந்த விதிகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் இது. அந்தக் குடும்பம் கட்டும் எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் 15,000 வருமானம் என்றால் எல்லாம் சேர்த்து 7,500. வருமானத்தைக் கூட்டி எழுதிக் கடன் கேட்டால் அது உங்களுக்கு வெட்டும் குழிதான். முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது. அபராத வட்டி தவறிய தவணைக்கு மட்டும், மீதிக் கடன் முழுவதுக்கும் இல்லை. காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. பேசி வைத்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் வராதிருந்தால்தான் வீட்டுக்கு வரலாம்.

குழுவில் ஒருவர் இப்படி வாங்கினால் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சொல்லாமல் வாங்கியவர் அந்தத் தவணையைக் கட்டக் குழுத் தவணையை நிறுத்துவார். வீட்டுக்கு வந்து நிற்பது நுண்நிதிக்காரர்கள்தானே, குழு நிற்பதில்லையே.

கடன் முடியும்போது

கடைசித் தவணை போட்டதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். சில ரூபாய் வட்டி பாக்கி நின்று கணக்கு மூடாமல் கிடப்பது அடிக்கடி நடக்கும், அது வளர்ந்து உறுப்பினர்களின் சிபிலில் ஏறும். வட்டிக் கழிவு வந்ததா என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள், வராவிட்டால் அன்றே எழுதிக் கொடுங்கள். பொறுப்பாளர்களை மாற்ற இதுதான் சரியான நேரம். தீர்மானம் எழுதி, பழைய மூவரும் புதிய மூவரும் சேர்ந்து கிளைக்குப் போய்க் கையெழுத்து மாதிரியை மாற்றிவிட்டு வாருங்கள். பழைய ஊக்குநரிடமிருந்து ஏடு, முத்திரை, வங்கிப் பாஸ்புக், மிச்சமுள்ள பணம் எடுக்கும் சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது கடனுக்கான, அதாவது 8 மடங்குக்கான விண்ணப்பத்தை அதற்கு அடுத்த வாரம் கொடுக்கலாம்.